சாரலில் ஆறிய வளையம்

ஜூன் பிறந்தால் போதும், எங்கள் பட்டறை வேலையின் மேல் ஊர் உலகத்திலுள்ள கம்பெனிகளுக்கெல்லாம் சந்தேகம் வந்துவிடும். ஏப்ரல், மே வெயிலில் ஒருத்தரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்று டி.வி.யில் காட்டிய மறுநாளே, நேரில் வந்து தரத்தைப் பரிசோதிக்க விரும்புவதாக மெயில் வரும். அதைப் பிரிண்ட் எடுத்து முதலாளி மேசையில் வைப்பது என் வேலை. வந்தவர்களை அருவிக்கு அழைத்துப் போய், எண்ணெய் தேய்த்து, குளிப்பாட்டி, கோழிக்கறியோடு பரோட்டா வாங்கிக் கொடுத்து ரயில் ஏற்றுவது அவர் வேலை. பரிசோதனை என்பது இதற்கு நடுவில் எங்கேயாவது அரைமணி நேரம் நடக்கும்.

தென்காசியிலிருந்து ஆலங்குளம் போகிற சாலையில், காற்றாலைகள் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கிற இடத்தில் இருந்தது அந்தப் பட்டறை. காற்றாலைக்குள் வைக்கிற பெரிய இரும்பு வளையங்களைக் கடைந்து கொடுப்பதுதான் பிழைப்பு. பழுக்கக் காய்ச்சி அடித்து உருவாக்கிய வளையங்கள் வெளியூரிலிருந்து லாரியில் வரும். கறுகறுவென்று, மேலெல்லாம் செதில் செதிலாக. கிரேனில் தூக்கி வெர்டிகல் லேத்தின் மேல் உட்கார்த்துவார்கள். மற்ற லேத்தில் இரும்பு படுத்த வாக்கில் உருளும். இதில் மாவாட்டுகிற கிரைண்டர் மாதிரி தட்டு கிடையாகச் சுற்றும். மேலிருந்து உளி இறங்கி வளையத்தைச் சீவும். கம்ப்யூட்டரில் எண்களைக் கொடுத்துவிட்டால் அது பாட்டுக்குச் சீவிக்கொண்டிருக்கும். ஒன்றரை மீட்டர் குறுக்களவுள்ள வளையம் சுற்றுவதை முதல் நாள் பார்த்தபோது நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டேன். ஒரு வாரத்தில் அந்தச் சத்தம் இல்லாவிட்டால் கை ஓடாது என்றாகிவிட்டது.

நான் அங்கே அளவெடுப்பவள். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமா படித்தவள். பட்டறையில் நான் ஒருத்திதான் பெண். ஆங்கிலத்தில் டைப் அடிக்கத் தெரிந்ததும் நான் ஒருத்திதான் என்பதால் ஆபீஸ் கடிதங்களும் என் தலையில் விழுந்தன. போனால் போகிறது என்று அடித்துக் கொடுத்தேன். நாலு வருஷம் அப்படிக் கொடுத்தேன். இன்றைக்கு நினைத்தால் என் விரலை நானே ஒடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பெரிய வளையத்தை ஒரு ஆள் அளக்க முடியாது. வில் மாதிரி வளைந்த மைக்ரோமீட்டர் ஒன்று உண்டு; அதைத் தூக்கவே இரண்டு பேர் வேண்டும். ஒரு முனையை மெஷின் ஓட்டுகிற அண்ணாச்சி வளையத்தில் அழுத்திப் பிடித்துக்கொள்வார். மறுமுனையை நான் மெல்ல ஆட்டி, எங்கே சிக்குகிறது என்று பார்த்து, எண்ணைச் சொல்வேன். உளியின் சத்தத்தை வைத்தே அதன் முனை மழுங்கிவிட்டதா என்று சொல்லிவிடுகிற ஆள் அண்ணாச்சி. அவர் வேலையில் எனக்கு மரியாதை இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய்.

எண்ணைச் சொல்வது நான். ஆனால் அறிக்கைத் தாளில் ‘பரிசோதித்தவர்’ என்கிற கட்டத்தில் கையெழுத்துப் போடுவது அண்ணாச்சி. "பொம்பளப் பிள்ள கையெழுத்தப் பாத்தா கஸ்டமர் என்ன நினைப்பான்?" என்று முதலாளி முதல் வருஷமே சொல்லிவிட்டார். மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் சிரித்தார். எனக்கு அந்தக் கட்டம் வேண்டியிருந்தது. ஓசூரிலோ கோயம்புத்தூரிலோ பெரிய கம்பெனியில் பரிசோதகராகச் சேர வேண்டுமானால், என்ன அளந்தாய், எங்கே கையெழுத்துப் போட்டாய் என்றுதான் கேட்பார்கள். என் கையில் டிப்ளமாவும் நாலு வருஷக் காய்ப்பும்தான் இருந்தன.

இரும்பு சூடானால் வளரும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்த விஷயம். ஒரு மீட்டர் இரும்பு பத்து டிகிரி சூட்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நீளும். கறாரான வேலையில், அளவு இவ்வளவு வரை பிசகலாம் என்று கொடுக்கிற சலுகையே மொத்தம் அவ்வளவுதான். அதனால் முதலில் ரஃபிங், அதாவது முரட்டுச் சீவல் முடிந்ததும் பிடியைத் தளர்த்தி, வளையத்தை மறுநாள் வரை ஆறப் போட வேண்டும். ஆறிய பிறகுதான் ஃபினிஷிங் என்கிற கடைசிச் சீவல். ஆறிய பிறகுதான் அளவு. மற்ற மாதங்களில் அப்படித்தான் செய்தோம்.

சீசனில் மட்டும் எங்கள் பட்டறைக்குத் தனிச் சட்டம். மேற்குப் பக்கத்து ஷட்டரை முழுக்கத் தூக்கிவிடுவார்கள். மலையிலிருந்து காற்று உள்ளே பாயும், கூடவே சாரல். வளையத்தின் மேல் பொடிப்பொடியாக நீர் கோக்கும். "ஜாபும் குளிச்சிட்டு வரட்டும்" என்று வளையத்தைக் காட்டிச் சொல்வார் அண்ணாச்சி. இரண்டு மணி நேரத்தில் புறங்கையை வைத்துப் பார்த்து, "ஆறிட்டு" என்று சொல்லிவிடுவார். அதோடு தீர்ந்தது. வேறு ஊரில் எவனும் இப்படிச் செய்ய மாட்டான். வேறு ஊரில் இந்தக் காற்றும் கிடையாது. சாரலால் தீராதது எதுவும் இல்லை என்று இங்கே பிறந்தவர்களுக்கு ஒரு நம்பிக்கை. எனக்கும் அது உண்டு, உடம்பு விஷயத்தில். இரும்பு விஷயத்தில் கிடையாது. அண்ணாச்சி தொட்டுப் பார்க்கிற இடம் எப்போதும் ஷட்டரைப் பார்த்த பக்கமாகவே இருக்கும். கேட்டுக் கேட்டு வாங்கிய காந்தத் தெர்மாமீட்டர் ஒன்று என்னிடம் இருந்தது. அதை உட்பக்கம் ஒட்டவைத்துக் காட்டினால் எல்லோரும் கேலி செய்வார்கள். "காய்ச்சல் பாக்க வந்துட்டா டாக்டரம்மா" என்பார்கள். அதுவரை வந்த வளையங்களுக்குச் சலுகை தாராளமாக இருந்ததால் தப்பித்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முந்திய சீசனில் புது கம்பெனியின் முதல் வளையம் வந்தது. அளவு கறாரான வேலை. அவர்கள் ஆட்கள் இருவர் காலை ரயிலில் வந்து இறங்கி, நேராக முதலாளி காரில் குற்றாலத்துக்குப் போய்விட்டார்கள். மதியம் வந்து பார்ப்பார்கள், சாயங்காலம் லாரி ஏற்ற வேண்டும் என்பது ஏற்பாடு. முந்தின நாளே முடிந்திருக்க வேண்டிய முரட்டுச் சீவல், உளி முனை இரண்டு தடவை உடைந்ததால் அன்று காலை பத்தரைக்குத்தான் முடிந்தது. வளையத்தில் கை வைக்க முடியவில்லை.

முதலாளிக்குப் போன் போட்டேன். பின்னால் அருவி இரைந்தது.

"இன்னைக்கு முடியாது சார். ஆறணும். நாளைக்குத்தான் ஃபினிஷிங் எடுக்க முடியும்."

"நாளைக்கு வரைக்கும் இவங்கள வச்சிக்கிட்டு நான் என்னம்மா செய்ய? அண்ணாச்சிட்ட குடு."

அண்ணாச்சி போனைக் காதில் வைத்து "சரி, சரி" என்றார். போனை என்னிடம் கொடுத்தார். போய் மேற்கு ஷட்டரைத் தூக்கினார்.

ஒரு மணிக்கு ஃபினிஷிங் முடிந்தது. வளையம் பளபளவென்று இருந்தது. ஷட்டர் பக்கம் தெர்மாமீட்டரை ஒட்டினேன், இருபத்தெட்டு டிகிரி. எதிர்ப்பக்கம் உள்ளே ஒட்டினேன், நாற்பத்தொன்று. அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஏட்டி, அந்தப் பொம்மைய தூரப் போடு. இங்கன தொட்டுப் பாரு, ஐஸ் கணக்கா இருக்கு."

"அங்கன தொடுங்க அண்ணாச்சி. ராத்திரி ஆறினதும் சுருங்கிப்போயிரும். வெளிவிட்டம் குறைஞ்சா என்ன செய்வீங்க? சீவினத ஒட்டவா முடியும்?"

அவர் அந்தப் பக்கம் போய்த் தொட்டார். கையைப் பழைய வேட்டித் துணியில் துடைத்துக்கொண்டு, மைக்ரோமீட்டரின் தன் முனையைத் தூக்கினார். இருவரும் அளந்தோம். அளவு சரியாக நின்றது. சூட்டில் சரியாக நின்றது.

இரண்டரை மணிக்கு ஈரத் தலையோடு வந்தார்கள் அந்த இருவரும். எண்ணெய்க் குளியல் போட்டவர்களுக்கு வருகிற அந்த அரைத்தூக்கம் முகத்தில் இருந்தது. ஒருவர் வளையத்தின் மேல் கை வைத்து, "நல்லா ஜில்லுன்னு இருக்கே" என்றார். ஷட்டர் பக்கம்தான். சாயங்காலம் ஐந்தருவிக்குப் போகிற அவசரம் அவர்களுக்கு.

முதலாளி அறிக்கைத் தாளை அண்ணாச்சியிடம் நீட்டினார். அண்ணாச்சி இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். "கையெல்லாம் ஆயிலு சார். அளந்தது அவதான, அவளே போடட்டும்."

நாலு வருஷம் ஆயில் கையோடுதான் கையெழுத்துப் போட்டிருக்கிறார். தாளின் ஓரத்தில் அவர் பெருவிரல் ரேகை பதிந்த அறிக்கைகளை நான் எத்தனை ஃபைல் செய்திருக்கிறேன்! முதலாளி என்னைப் பார்த்தார். சிரித்தார். "நீ கேட்டுக்கிட்டே இருந்தேல்லா. இந்தா, உன் கட்டம். போடும்மா."

எனக்குத் தெரியும். இதை மழுப்பாமல் சொல்லிவிட வேண்டும்: அந்த வளையம் சூடு என்று எனக்குத் தெரியும். அண்ணாச்சி ஏன் கையை இழுத்துக்கொண்டார் என்றும் தெரியும். ஆனாலும் பேனாவை வாங்கினேன். குறிப்பு என்ற இடத்தில், சூடாக இருக்கும்போது எடுத்த அளவு என்று எழுதப் போனேன். முதலாளி அந்த இடத்தில் விரலை வைத்து, "அதெல்லாம் எதுக்கு, கையெழுத்து மட்டும் போதும்" என்றார். விரலை எடுக்கவில்லை. நான் பேனாவைக் கீழே இறக்கி ‘பரிசோதித்தவர்’ கட்டத்தில் முழுப் பெயரையும் எழுதினேன். இனிஷியலோடு, நிறுத்தி நிதானமாக, பரீட்சைத் தாளில் எழுதுவதுபோல. எழுதியதும் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தைத்தான் இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

போனில் அந்தத் தாளைப் படம் எடுத்து வீட்டில் அம்மாவிடம் காட்டினேன். அம்மா மடியில் பீடித் தட்டை வைத்துக்கொண்டே எட்டிப் பார்த்து, "கையெழுத்து அழகா இருக்கு" என்றாள்.

நாலாம் நாள் மெயில் வந்தது. வளையம் சிறுத்துவிட்டது, ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைய, எதற்கும் உதவாது. அளந்தவர் யார், அவருடைய தகுதி என்ன என்று கேட்டிருந்தார்கள். கூடவே என் கையெழுத்துள்ள தாளின் நகல்.

முதலாளி என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஆபீஸுக்குக் கூப்பிட்டு, "பதில் ஒண்ணு அடிக்கணும்மா" என்றார். நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அவர் ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டு தமிழில் சொன்னார். நான் ஆங்கிலத்தில் அடித்தேன். அன்று வழக்கமான பரிசோதகர் வேறு வேலையில் இருந்தார். அறிக்கையில் கையெழுத்திட்டவர் எங்கள் அலுவலக உதவியாளர். அவருக்கு அளவெடுப்பதில் பயிற்சி கிடையாது. அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டோம்.

கடைசி வரிக்கு வந்தபோது என் கை நின்றது. "அடிம்மா" என்றார். "எனக்கும் வேற வழியில்ல. இருபது குடும்பம் இங்கன சோறு திங்குது."

அடித்தேன். ஒரு இடத்தில் எழுத்துப்பிழை வந்தது. அதைத் திருத்தி, மறுபடி பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். வெளியே வந்தபோது அண்ணாச்சி மெஷினுக்கு அந்தப் பக்கம் குனிந்து ஏதோ தேடிக்கொண்டிருந்தார். நான் கேட்டைத் தாண்டும்வரை தேடிக்கொண்டே இருந்தார்.

பிறகு தென்காசியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் சேர்ந்தேன். இப்போதும் அங்கேதான். போன சீசனில் ஓசூரிலிருந்து ஒரு கம்பெனி நேர்காணலுக்குக் கூப்பிட்டது. அனுபவச் சான்றிதழ் கேட்டார்கள். மானத்தை விட்டுப் பட்டறைக்குப் போனேன்.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மேற்கு ஷட்டர் இறங்கியிருந்தது. சுவரில் நீலப் பெயின்ட்டில் பெரிய எழுத்து: ‘ரஃபிங் முடிந்து ஒரு நாள் ஆறவிடாமல் ஃபினிஷிங் எடுக்கக் கூடாது. நான்கு பக்கமும் சூடு பார்க்காமல் அளக்கக் கூடாது.’ பக்கத்தில் ஆணியில் நூல் கட்டித் தொங்கியது என் தெர்மாமீட்டர்.

அண்ணாச்சி வந்தார். கொஞ்சம் மெலிந்திருந்தார்.

"நல்லா இருக்கியாட்டி? போர்டைப் பாத்தியா? நீ சொன்னதுதான். இப்ப ஒரு பீஸ் திரும்பி வாரதில்ல."

"இப்ப கையில ஆயில் இல்லையா அண்ணாச்சி?"

அவர் கையைப் பார்த்துக்கொண்டார். நான் ஆபீஸுக்குள் போனேன்.

முதலாளி உட்காரச் சொன்னார், காபி வரவழைத்தார். சான்றிதழ் அரைமணியில் ரெடியானது. நாலு வருஷம் அலுவலக உதவியாளராகப் பணிபுரிந்தார், நன்னடத்தை உடையவர். மெஷின், அளவு, வளையம் என்று ஒரு சொல் கிடையாது.

"நான் அளந்தேனே சார். நாலு வருஷம்."

"கஸ்டமருக்குப் போன லெட்டர்ல ஒண்ணு, சர்டிபிகேட்ல ஒண்ணுன்னு எழுத முடியாதும்மா. நீயே அடிச்ச லெட்டர்தான."

சான்றிதழை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தேன்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் வழியாகச் சாரல் அடித்தது. எல்லோரும் ஆசையாக முகத்தை நீட்டினார்கள். நான் ஷட்டரை இறக்கிவிட்டுப் போனை எடுத்தேன். அம்மாவுக்குக் காட்ட எடுத்த படம் இன்னும் அதில் இருந்தது. நான் பரிசோதகராக இருந்தேன் என்பதற்கு என்னிடம் இருக்கிற ஒரே சாட்சி அந்தத் தாள்தான். என் முழுப் பெயர், இனிஷியலோடு, தப்பான அளவுக்குக் கீழே. அம்மா சொன்னது சரிதான், கையெழுத்து அழகாகத்தான் இருந்தது. ஓசூருக்கு நான் போகவில்லை.