வாசிக்க மட்டும்

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, ஊர் ஊராக அலைந்த எனக்குப் பழைய ரேடியோ திருத்தக் கற்றுக்கொடுத்தது இணையத்தில் பலரும் கேள்வி, பதில் எழுதிக்கொள்ளும் ஒரு நியூஸ்குரூப். முகம் தெரியாதவர்கள் என்னைக் ‘கண்டிக்காரர்’ என்று அழைத்து, என் உடைந்த ஆங்கிலத்துக்கும் பொறுமையாகப் பதில் எழுதினார்கள். அந்தக் குழுவுக்குள் இலவசமாக நுழையவிட்ட தளம் மூடப்பட்டதும், சந்தா கட்டி வேறு சேவை எடுக்க வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட சேவைகளில் சினிமாப் படங்களும் இறக்கலாம்.

என்னிடம் வங்கி அட்டை இல்லை. கட்டுகஸ்தோட்டையில் என்னோடு அறையில் தங்கியிருந்த ஹேவாஹெட்டக்காரனிடம் இருந்தது.

“எனக்கு அதுல எழுத முடிஞ்சா போதும்டா” என்றேன்.

“எழுதி என்னத்தக் கிழிக்கப் போற? கார்டு என்னோடது. படம் வேகமா இறங்குறதத்தான் எடுப்பேன்.”

அவன் எடுத்த மலிவுத் திட்டத்தில் பதிவிறக்கலாம், வாசிக்கலாம், எழுத முடியாது. ஓராண்டுச் சந்தா கட்டிய பிறகே அது தெரிந்தது.

மூன்றாம் வாரம், எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்த முதியவர் ஒரு கேள்வி போட்டிருந்தார். அவர் மனைவி கேட்டுவந்த ரேடியோ சூடானதும் ஊமையாகிவிடுகிறதாம். திகனயில் அதே கோளாறை நான் இரண்டு தடவை திருத்தியிருந்தேன். பதில் எழுதினேன், அனுமதியில்லை என்று திரும்பியது. அவர் போட்டிருந்த மின்னஞ்சல் முகவரியும் பொய். அங்கே பலரும் அப்படித்தான்.

“வேற ஒண்ணு எடுத்துத் தாடா.”

“ஏன் டாக்டர், நோயாளி செத்துருவானா?”

நான்கு நாள் கழித்து முதியவர் எழுதியிருந்தார்: ‘கண்டிக்காரரும் பேசவில்லை. ரேடியோவை எறிந்துவிட்டேன்.’

“படம் இறங்கிருச்சு, வா” என்றான் அறைக்காரன்.

போய் உட்கார்ந்து முழுவதும் பார்த்தேன்.