கூட்ஸ் வண்டிக்கு வழிவிட்ட பாட்டு

அப்பாடா!

இந்த ஒரு வார்த்தையோடு இந்த வாரப் பக்கத்தை முடித்துக்கொள்ளத்தான் ஆசை. ஆசிரியர் விட மாட்டார். ஆகவே விவரமாகவே சொல்லிவிடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை. இட்லியில் கை வைத்த நேரம். வாசலில் செபாஸ்டியன். பக்கத்தில் அவன் மனைவி ஸ்டெல்லா... பிள்ளைத்தாய்ச்சி. கோயிலில் பூசை முடிந்து நேரே காலடிப்பேட்டையில் இருக்கும் என் வீட்டுக்குப் பஸ் ஏறி வந்திருக்கிறார்கள். அவன் கையில் பழைய செய்தித்தாள் சுற்றிய ஒரு சதுரம்.

"வந்துடுச்சு சார்" என்றான்.

பழைய வாசகர்களுக்குச் செபாஸ்டியனைத் தெரியும். துறைமுகத்தில் கப்பல் சரக்கைத் தூக்கும் வின்ச் ஓட்டுகிறான். டூட்டி முடிந்தால் டிரம்ஸ். ராயபுரத்து 'ஸ்டீம் கிரேன்ஸ்' ராக் கோஷ்டியில் அடிப்பவன் அவன்தான். மாதா திருவிழாவில் அவர்களைக் கேட்டுவிட்டு நான் இதே பக்கத்தில் துள்ளிக் குதித்ததும், "இந்த வயசில் உமக்கு எதற்கய்யா கித்தார் கூச்சல்?" என்று நீங்கள் என்னைக் காய்ச்சியதும் மறந்திருக்காது. அந்தக் கோஷ்டியின் முதல் லாங்பிளே ரிகார்டுதான் செய்தித்தாளுக்குள் இருந்தது.

சந்தோஷப்பட வேண்டியதுதானே? எனக்குப் பயம்தான் வந்தது.

நேரில் லட்சணமாக இருக்கிற சிலர் போட்டோவில் பேயறைந்த மாதிரி விழுவார்கள், பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? பாட்டும் அப்படித்தான். பந்தலில் கேட்டு மெய்சிலிர்த்ததை ரிகார்டில் கேட்டால், 'இதற்கா அன்றைக்கு அப்படிக் கை தட்டினோம்' என்றிருக்கும். நன்றாக இல்லை என்றால் இவன் முகத்தைப் பார்த்து என்ன சொல்வது? பொய் சொன்னால் எனக்குக் காது சிவந்துவிடும். என் மனைவியைக் கேளுங்கள்.

போதாக்குறைக்கு ஸ்டெல்லா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சார், நீங்கதான் சாச்சி. கீறது ஒரே ரூமு. அதுல பாதிய இவுரு ட்ரம்மு புட்ச்சிகினு கீது. புள்ள பொறந்தா தூளிய எங்க கட்றது? ரிகார்டு நல்லா இருந்தா ட்ரம்மு இருக்கட்டும். இல்லாங்காட்டி இந்த வாரமே வித்துடணும். மாதா மேல சத்தியம் பண்ணிக்கீறாரு."

செபாஸ்டியன் தரையைப் பார்த்தபடி தலையாட்டினான்.

"நல்லா இருக்கா இல்லையான்னு யாரும்மா சொல்றது?" என்றேன், நடுக்கத்தோடு.

"நான்தான்" என்றாள்.

அப்பாடா... பாதி பாரம் அப்போதே இறங்கியது. மீதிப் பாதி அவனுக்காக இருந்தது.

மேலே போகுமுன் அவர்கள் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டுக்குப் பின்சுவர். சுவருக்குப் பின்னால் துறைமுகத்துக்குப் போகிற கூட்ஸ் லைன். அவ்வளவுதான் இடைவெளி. முதல் தடவை நான் அங்கே போனபோது குழாயடியில் ஸ்டெல்லாவுக்கும் பக்கத்து வீட்டம்மாளுக்கும் சண்டை உச்சத்தில் இருந்தது. "உன் மூஞ்சிக்கு..." என்று அந்தம்மாள் ஆரம்பித்தாள். கூட்ஸ் வந்துவிட்டது. இரண்டு பேரும் சட்டென்று வாயை மூடிக்கொண்டு, குடமும் கையுமாக, பொறுமையாக நின்றார்கள். பெட்டி பெட்டியாகப் போய், கடைசியில் கார்டு வண்டியும் போனது. "...கண்ணாடி ஒரு கேடா?" என்று அந்தம்மாள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

அந்தத் தெருவில் எல்லாமே அப்படித்தான். சண்டை, ஜெபம், கல்யாணப் பேச்சு எதுவானாலும் கூட்ஸுக்கு வழிவிட்டுத்தான் நடக்கும். ஸ்டீம் கிரேன்ஸ் ஒத்திகை பார்ப்பதும் அந்த ஒற்றை அறையில்தான்.

சரி, ஊசியை வைத்தேன்.

முதல் பாட்டு, எண்ணூர் பஸ்ஸைத் துரத்திக்கொண்டு ஓடுகிறவனின் பாட்டு. பாடுகிற பால்ராஜ் வியாசர்பாடிக்காரன். பீடி பிடித்த குரல். ரிகார்டில் அதைக் கழுவித் துடைத்துப் பவுடர் போட்டுவிடுவார்களோ என்று பயந்தேன். இல்லை! அதே கரகரப்பு, அதே மூச்சிரைப்பு. கித்தார் லேத்துப் பட்டறையில் இரும்பு சீவுகிற மாதிரி சீவுகிறது... ஆனால் சுதி பிசகவில்லை. அடியில் செபாஸ்டியனின் டிரம்ஸ் அவசரமே படாமல் நடந்து வருகிறது. என் கால் தானாகத் தாளம் போட்டது. காது சிவக்கவில்லை.

"பிரமாதம்டா!" என்று கத்திவிட்டேன்.

"நீங்க சும்மா இருங்க சார். நான் கேட்டுக்கறேன்" என்றாள் ஸ்டெல்லா. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

இரண்டாவது பாட்டு. அதற்கும் அதே முகம். செபாஸ்டியனுக்கு நெற்றியில் வியர்வை. காப்பி கொண்டுவந்த என் மனைவி ஓர் ஆறுதலுக்கு, "நன்னாத்தான் இருக்கு" என்றாள். அதையும் ஸ்டெல்லா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மூன்றாவது பாட்டு மெதுவானது. முகத்துவாரக்குப்பத்தில், ஆறு கடலில் விழுகிற இடத்தில், படகுக்காகக் காத்திருக்கிற ஒருத்தியைப் பற்றியது. பால்ராஜ் உருகுகிறான். கித்தார் மேலே மேலே ஏறுகிறது. இதோ உச்சம்...

சத்தம் நின்றுவிட்டது.

ரிகார்டில் கீறலா? கரண்டு போய்விட்டதா? எழுந்து போய்க் குனிந்து பார்த்தேன். தட்டு சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. ஊசியும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. பாட்டைத்தான் காணோம்!

செபாஸ்டியன் முகம் வெளுத்துப் போனது. "ஐயோ... பூட்ச்சு சார்! எல்லாம் பூட்ச்சு!"

நான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவளோ யாரையும் பார்க்கவில்லை. கை மட்டும் தானாக நீண்டு, முக்காலி மேல் இருந்த காப்பி டம்ளரை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது, அது நகர்ந்து விழுந்துவிடும் என்பது போல. என் வீட்டில் எதற்கு நகரப் போகிறது? இங்கே கூட்ஸா ஓடுகிறது?

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவளுக்கும் அதே நேரத்தில் உறைத்திருக்க வேண்டும். தன் கையைத் தானே பார்த்தாள். பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரிக்க ஆரம்பித்தாள்.

"யோவ்... கூட்ஸு போவுதுய்யா!"

அவள் சொல்லி வாய் மூடவில்லை, ரிகார்டில் கோஷ்டி நாலு பேரும் ஒரே அடியில் விட்ட இடத்திலிருந்து பாட்டைப் பிடித்தார்கள். அடடா! அந்த மௌனத்துக்குப் பிறகு வந்த முதல் அடி நெஞ்சிலேயே விழுந்தது.

விசாரித்ததில் விஷயம் வெளிவந்தது. டூட்டி முடிந்து வந்ததும் அவர்கள் தினம் முதலில் எடுப்பது இந்தப் பாட்டைத்தான். உச்சம் வருகிறபோது கூட்ஸும் வரும். நிறுத்துவார்கள். கார்டு வண்டி போனதும் செபாஸ்டியன் தலையாட்டுவான், தொடங்குவார்கள். காற்றுகூட நுழையாத ரிகார்டிங் அறையிலும், எந்த வண்டியும் வராமலேயே, நாலு பேரும் நிறுத்தியிருக்கிறார்கள். இவனும் தலையாட்டியிருக்கிறான். ஒருவனுக்கும் தெரியவில்லை!

"கண்ணாடிக்கு அந்தாண்ட இருந்த சவுண்டு இன்ஜினியரு கட்டவெரல தூக்கிக் காட்னாரு சார். இன்னாத்துக்குன்னு இப்பத்தான் புரியிது" என்றான் செபாஸ்டியன்.

பாவம், அந்த மனிதர் அதை ஏதோ புதுப் பாணி என்று நினைத்திருப்பார். நினைக்கட்டுமே! நாம் சாமர்த்தியமாகச் செய்கிறதை எல்லாரும் செய்வார்கள். நம்மை அறியாமல் செய்கிறோமே, அது நாம் இருக்கிற தெரு சொல்லிக்கொடுத்தது. அதை இன்னொருத்தன் காப்பியடிக்க முடியுமா?

பின்பக்கத்தையும் போட்டுக் கேட்டோம். முடிந்ததும் ஸ்டெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரித்ததில் வந்ததா, வேறா என்று நான் கேட்கவில்லை.

"என் வூட்டையே ரிகார்டு போட்டு எட்த்தாந்துக்கீறான் சார்" என்றாள் என்னிடம். பிறகு அவனிடம் திரும்பி, "தூளிய சன்னலாண்ட கட்டிக்கலாம். ட்ரம்மு கீற எடத்துலயே இருக்கட்டும்."

செபாஸ்டியன் எங்கள் வீட்டுக் கூடத்துத் தரையில் அப்படியே சப்பென்று உட்கார்ந்துவிட்டான். என் மனைவி பயந்து போய்த் தண்ணீர் கொண்டு வந்தாள். மடமடவென்று குடித்துவிட்டு, "இன்னொரு தபா போடுங்க சார்" என்றான். போட்டேன். இந்தத் தடவை மௌனம் வந்தபோது நாங்கள் நாலு பேரும் டம்ளரைப் பிடித்துக்கொண்டோம்.

எனக்கு இப்போது ஒரே ஒரு சந்தேகம்தான் பாக்கி... பிறக்கப்போகிற அந்தப் பிள்ளை, கூட்ஸ் வந்தால் அழுகையை நிறுத்திவிட்டு, கார்டு வண்டி போனதும் விட்ட இடத்திலிருந்துதானே அழும்?