சிவப்பும் பச்சையும்

கைபேசியில் மளமளவென்று இறங்கிய வண்ணக் கட்டங்களை மகன் சுட்டுக்கொண்டிருந்தான். ஒவ்வொரு கட்டத்தையும் அதே நிறக் குண்டால்தான் உடைக்க முடியும். அவனோ சிவப்புக் கட்டத்தைப் பச்சைக் குண்டால் சுட்டான்.

நான் சிறுமியாக இருந்தபோது, ஓசூரில் எங்கள் ஒற்றை அறை வீட்டில், டிவி கேமில் என் அப்பாவும் இப்படித்தான் சுட்டார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஷிப்ட் முடிந்து வந்த சட்டையில் எண்ணெய் வாசம் வீச, அவர் ரிமோட்டை மெதுவாகக் கீழே வைத்தார்.

"கம்பெனியில யாருகிட்டயும் சொல்லிடாத பாப்பா. பக்கத்து ஆளு கையப் பாத்துத்தான் கலர் கலரா ஒயர் மாட்டறேன்."

அதன்பின் அவர் அந்த விளையாட்டைத் தொடவேயில்லை.

"ரெண்டும் ஒரே கலர்தானம்மா?" என்றான் மகன்.

இந்த முறை நான் சிரிக்கவில்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்து, சிவப்புக் கட்டத்தின்மேல் விரலை வைத்தேன்.