திரும்பி வராதுன்னு சொல்லிவெச்ச ஃபங்ஷன்

இன்னைக்கு சிதம்பரத்துல எங்க பம்ப் கன்ட்ரோலருக்கு டெஸ்டிங்.

கோளாறு வந்தா மோட்டாரை நிறுத்திட்டு அங்கயே நிக்கிறதுக்கு சி லாங்குவேஜ்ல ஒரு ஃபங்ஷன் எழுதியிருக்கோம். வேணும்னே ஒரு கோளாறு குடுத்தோம். மோட்டார் நின்னுச்சு. எலக்ட்ரீஷியன் அண்ணன் பெல்ட்டுல கை வைக்கப் போனாரு. மோட்டார் தானா ஓட ஆரம்பிச்சிடுச்சு.

நல்லவேளை, கையை இழுத்துக்கிட்டாரு.

லேப்டாப்பைத் தொறந்தா, கூட வேலை பாக்குற செந்தில் அந்த ஃபங்ஷனை 'நோரிட்டர்ன்'னு டிக்ளேர் பண்ணியிருக்கான். அதாவது, இது கூப்பிட்ட இடத்துக்குத் திரும்பவே திரும்பாதுன்னு, நாம எழுதுறதை மெஷினுக்குப் புரியிற மாதிரி மாத்துற கம்பைலருக்குக் குடுக்குற உறுதி.

"ஏன்டா போட்ட?"

"வார்னிங் வந்துச்சு மச்சான். இதைப் போட்டதும் போயிடுச்சு."

டெஸ்ட் மோடுல மட்டும் அது திரும்புற மாதிரி நான் எழுதியிருந்தேன். அவன்கிட்ட சொல்லல. கம்பைலர் அவனை நம்பி, திரும்பி வந்தா என்ன பண்ணணும்னு எதுவுமே வைக்கல. திரும்பி வந்தது நேரா அடுத்து இருந்த, மோட்டாரை ஓட வைக்கிற ஸ்டார்ட் ஃபங்ஷனுக்குள்ள போயிடுச்சு.

"வோல்டேஜ் பிரச்சனையா இருக்கும் தம்பி"ன்னாரு அண்ணன், எங்களுக்கு டீயைக் குடுத்துக்கிட்டே.

ரெண்டு பேரும் தலையாட்டினோம்.

இப்ப கடலூர் பஸ்ல இருக்கோம். செந்தில் தூங்குறான்.

உங்க ஆபீஸ்ல வார்னிங் வந்தா சரி பண்ணுவீங்களா, இல்ல வாயை அடைப்பீங்களா?