மூன்றாவது வளைவில் ஒரு பை

நான் பைக் ரேஸ் ஓட்டுகிறவள் என்று சொன்னால் ஆட்கள் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு என் இடுப்பைப் பார்ப்பார்கள், பிறகு "யாரு, உங்க வீட்டுக்காரரா?" என்று கேட்பார்கள். என் வீட்டுக்காரர் வேகத்தடையைக் கண்டால் வண்டியை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போகிற ரகம். ஓட்டுகிறவள் நான்தான். வயது முப்பத்தொன்பது. துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்புகிற ஒரு ஆபீஸில் கன்டெய்னர் நம்பர்களை டைப் அடிக்கிற வேலை. மூக்குக்கு மேல் கோபம்.

என் வண்டி பன்னிரண்டு வருஷப் பழைய நூறு சிசி பைக். வீட்டுக்காரர் ஸ்கூட்டர் வாங்கிய அன்று அது எனக்கு வந்து சேர்ந்தது. ஹார்பர் ரோட்டில் தினமும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே புகுந்து புகுந்து ஓட்டியதில் எனக்குக் கொஞ்சம் மிதப்பு வந்துவிட்டது. போன வருஷம் வண்டியை சர்வீஸுக்கு விட்டிருந்த இடத்தில், சுவரில் ஒரு நோட்டீஸ் பார்த்தேன். சின்ன வண்டிகளுக்கான ரேஸ், ஐந்து ஞாயிற்றுக்கிழமை காலை, யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். அந்த 'யார் வேண்டுமானாலும்' எனக்காகவே எழுதியது மாதிரி இருந்தது. மெக்கானிக்கிடம் பெயர் கொடுத்தேன். அவர் கோயம்புத்தூர்க்காரர், இங்கே ஷெட் போட்டு மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. முன்பு ரேஸ் ஓட்டியவர். "நானே உங்களுக்குச் சொல்லித் தர்றனுங்க்கா" என்றார். அன்றிலிருந்து அவர் என் கோச். சொல்லிக்கொள்ளவே ஜோராக இருந்தது.

ரேஸ் நடக்கும் இடம் தருவைகுளம் போகிற ரோட்டில், உப்பளங்களை ஒட்டிச் சும்மா கிடக்கும் தரவைப் பொட்டல். பழைய டயர்களை அடுக்கி நாலு வளைவு போட்டிருந்தார்கள். ஒரு போட்டிக்கு எட்டுச் சுற்று, மொத்தம் ஒன்பது பேர். அத்தனை பெரிய வெட்டவெளியில் நிழலுக்கு இருப்பது ஒரே ஒரு உடைமரம், அது மூன்றாவது வளைவில் நின்றது. அதனால் எங்கள் ஆட்கள் அங்கேதான் ஜமுக்காளம் விரித்தார்கள். எங்கள் ஆட்கள் என்றால் என் வீட்டுக்காரரும், அவருடைய அக்காவான என் மதினியும். எங்களோடுதான் இருக்கிறாள். வண்டியில் இருந்த சேலை கார்டை நான் கழற்றிப்போட்ட அன்று, தாலியையே கழற்றிவிட்ட மாதிரி நெஞ்சில் கைவைத்து உட்கார்ந்தவள். இருந்தாலும் எலுமிச்சம்பழச் சாதம் கட்டிக்கொண்டு ஒரு வாரம் தவறாமல் வந்தாள்.

முதல் ரேஸில் விழுந்தேன். கியர் மாற்றும்போதோ வளைவிலோ விழுந்திருந்தால் மரியாதையாக இருந்திருக்கும். கொடி அசைவதற்கு முன்னால், நின்ற இடத்திலேயே, ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தேன். முழங்கைச் சிராய்ப்பில் உப்பு மண் அப்பி, எரிச்சலில் ஊரைக் கூட்டினேன். ஆம்புலன்ஸ் வேண்டுமா என்று ஓடிவந்தவரை ஏசி அனுப்பிவிட்டு ஏறி ஓட்டினேன். கடைசி இடம்.

இரண்டாவது வாரம் விழவில்லை. அப்படியும் கடைசி இடம். எனக்கு முன்னால் போனவர் ஏரல் பக்கம் வாழைத்தோட்டம் வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி. ஐம்பத்தைந்து வயது இருக்கும். முழுக்கைச் சட்டையும், அதன்மேல் குறுக்கே ஒரு துணிப்பையுமாக, திங்கள்கிழமை பேங்குக்குப் போகிறவர் மாதிரி ஓட்டுவார். அவர்தான் கடைசிக்கு முந்தின இடம். அவரைக்கூட என்னால் பிடிக்க முடியவில்லை. முடிந்ததும் அவர் என்னிடம் வந்து, ஏதோ என் காலை மிதித்துவிட்டவர் மாதிரி, "தப்பா நெனைக்காத தாயி. இன்னும் கொஞ்சம் முறுக்கியிருந்தா என்னைய முந்தியிருப்பே" என்றார். ஆறுதல் சொல்கிறாராம். எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது.

அதே சூட்டோடு வீட்டுக்கு வந்தால், வீட்டுக்காரர் செருப்பைக்கூடக் கழற்றாமல், "சரிளா, ஆசை தீந்துட்டுல்லா?" என்று கேட்டார். யாரும் என்னிடம் சபதம் எதுவும் கேட்கவில்லை. நானாகத்தான் வாயைக் கொடுத்தேன்.

"இன்னும் மூணு ரேஸ் இருக்கு. அதுல ஒண்ணுலயாவது கடைசி இடத்த விட்டு ஒரு இடம் மேல வரலைன்னா, நான் வண்டிய வித்துருதேன்!"

"நீ சொன்ன சொல்லு மாறமாட்டேல்லா?" என்றாள் மதினி. அவளுக்கு அன்றைக்குத்தான் முகமே தெளிந்தது.

மறுநாள் சாயங்காலம் தருவைகுளத்தில் மீன் எடுத்து வந்து தெருவில் விற்கிற மீன்காரர் ஒருவர் வாசலில் நின்றார். வண்டி விலைக்கு வரும் என்று மதினி சொல்லி அனுப்பியிருக்கிறாள். அவர் நேரே வண்டியிடம் போனார். பின்சீட்டை ஜாண் போட்டு அளந்தார். "ஐஸ் பெட்டி ஒக்காந்துக்கிடும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போய்விட்டார். அந்த வண்டியில் ஐஸ் பெட்டியா? நாள் முழுக்க நம்பர் டைப் அடிக்கிறவளுக்கு, வாரத்தில் ஒரு கால்மணி நேரம் ஹெல்மெட்டுக்குள் தன் மூச்சுச் சத்தத்தைத் தானே கேட்பது எப்பேர்ப்பட்ட சுகம் என்று அந்த மீன்காரருக்குத் தெரியுமா, மதினிக்குத் தெரியுமா? சொன்னால் சிரிப்பார்கள். எனக்கு அந்த வண்டி வேண்டும், அவ்வளவுதான்.

கோச்சிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன். அவர் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார், செயினை மாற்றினார், டயர் காற்றைக் குறைத்தார். என்னைப் பார்த்தும் ஏதோ குறைக்கச் சொல்ல வாயெடுத்தார், நான் பார்த்த பார்வையில் விழுங்கிவிட்டார். மூன்றாவது ரேஸ், கடைசி இடம். அதற்குப் பிறகு ஸ்டாப்வாட்ச்சும் நோட்டுமாக ஒவ்வொரு வளைவிலும் நான் எடுக்கும் நேரத்தைக் குறிக்க ஆரம்பித்தார். நாலாவது ரேஸ், அதுவும் கடைசி. மீன்காரர் அன்றைக்கு நேரிலேயே வந்து, டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டு பார்த்தார்.

அன்று கோச் நோட்டை மூடி அக்குளில் வைத்துக்கொண்டு, ரொம்பத் தயங்கி என் பக்கத்தில் வந்தார்.

"ஏனுங்க்கா, ஒண்ணு கேட்டாத் தப்பா எடுத்துக்க மாட்டீங்ளே?"

"கேளுங்க தம்பி."

"அந்தப் பையில அப்படி என்னதானுங்க இருக்குது?"

"எந்தப் பையில?"

"நாலு வாரமாப் பாக்கறனுங்க. மத்த மூணு வளைவுலயும் நல்லாத்தான் போறீங்க. மூணாவது வளைவு வந்தா உங்க வீட்டுக்காரரும் அந்த அம்மாவும் எந்திரிச்சு நின்னுட்டு, பைய, பையன்னு கத்தறாங்க. உடனே நீங்க ஆக்ஸிலேட்டர விட்டுடறீங்க. பைய புடி, பைய விடுங்கறாங்க. அத்தனை முக்கியமான பைன்னா வீட்டுலயே வெச்சுட்டு வந்துடலாமுங்களே?"

விழுந்து விழுந்து சிரித்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வண்டியின் மேலேயே சாய்ந்தேன். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

எங்கள் பக்கத்தில் 'பைய' என்றால் மெதுவாக. வாசலைத் தாண்டுகிற யாருக்கும் நாங்கள் அதைச் சொல்லாமல் அனுப்புவதில்லை. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குச் சொல்வோம், கடைக்குப் போகிறவருக்குச் சொல்வோம், ட்ரெயின் ஏறுகிறவரிடமும் ஜன்னல் வழியாக "பைய போ" என்போம். ட்ரெயினை அவரா ஓட்டுகிறார்? எங்களுக்கு அதெல்லாம் கணக்கில்லை. பிறந்ததிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்த கை என் கை. காதில் விழுந்த மாத்திரத்தில் என்னைக் கேட்காமலே அது தளர்ந்திருக்கிறது. ஒரு ரேஸுக்கு எட்டுத் தடவை, நாலு ரேஸிலும். எனக்கே தெரியாது.

வீட்டுக்குப் போய் இரண்டு பேரையும் உட்காரவைத்துக் கத்தினேன்.

"உன்னைய உற்சாகப்படுத்ததுக்குத்தானளா சொன்னோம்" என்றார் வீட்டுக்காரர், பாவமாக.

"உற்சாகப்படுத்தணும்னா வெரசா போன்னு சொல்லணும்!"

மதினி காதைப் பொத்திக்கொண்டாள். "வண்டியில போறவள வெரசா போன்னு சொல்லவா? என் வாயி வெந்துபோவும்ளா. நான் மாட்டேன்."

வீட்டுக்காரர் மட்டும் முயற்சி செய்தார். அடுக்களையில் நின்று, கண்ணை மூடி, "வெரசா போ" என்றார். ஒரு நொடி பொறுத்து, "பைய" என்றார். மறுபடி சொன்னார், மறுபடியும் 'பைய' பின்னாலேயே வந்தது. கடைசியில், ஐந்தாவது ரேஸில் இரண்டு பேரும் என்னைப் பார்த்து வாயே திறக்கக்கூடாது என்று முடிவானது. மதினி பூஜை அறைப் பக்கம் கைகாட்டி, "உன்னைய ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்" என்று சத்தியம் செய்தாள். நம்பமுடியாமல் நான் காதுக்குப் பஞ்சும் வாங்கிவைத்தேன்.

ஐந்தாவது ஞாயிறு. மீன்காரர் காலி ஐஸ் பெட்டியோடே வந்திருந்தார். அந்தப் பெட்டியைப் பார்த்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தில் கிளட்ச்சை விட்டேன் பாருங்கள், வண்டி குதித்துக்கொண்டு கிளம்பியது. காதில் பஞ்சு, ஒரு சத்தமும் இல்லை. மூன்றாவது வளைவில் வீட்டுக்காரர் துண்டை வாயில் கடித்துக்கொண்டு நின்றார். மதினி வாய் நிறைய முறுக்கை அடைத்திருந்தாள். என் கை விடவில்லை. இரண்டாவது சுற்று, விடவில்லை. ஏழாவது சுற்றில் அந்தத் துணிப்பை அண்ணாச்சி எனக்குக் கைக்கெட்டும் தூரத்தில் போய்க்கொண்டிருந்தார்.

மூன்றாவது வளைவு. இரண்டு வண்டியும் கிட்டத்தட்ட உரசிக்கொண்டு போகிறோம். புழுதிக்குள் மதினியின் வாயிலிருந்து முறுக்குத் தூள் பறப்பது மட்டும் தெரிந்தது. அவ்வளவுதான், அண்ணாச்சியின் வண்டி சட்டென்று தளர்ந்தது. நான் உள்பக்கமாகப் புகுந்து அவரைத் தாண்டிவிட்டேன். எட்டாவது சுற்று என்ன ஓட்டினேன் என்று எனக்குத் தெரியாது. முடித்தபோது கோச் நோட்டை மேலே எறிந்து குதித்துக்கொண்டிருந்தார்.

ஒன்பது பேரில் எட்டாவது இடம்! முதல் இடத்துக்காரர்கூட அப்படிக் கத்தியிருக்கமாட்டார். மீன்காரரைப் பார்த்துக் கட்டைவிரலை ஆட்டினேன். அவர் ஐஸ் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, "நல்லா ஓட்டுனீக" என்று சொல்லிவிட்டு நடந்தார். நல்ல மனுஷன்.

அண்ணாச்சி வண்டியை நிறுத்திவிட்டு எங்கள் மரத்தடிக்கு வந்தார். பஞ்சை எடுத்துவிட்டுக் கேட்டேன்.

"வண்டி அடைச்சிட்டா அண்ணாச்சி?"

"வண்டிக்கு ஒண்ணுமில்ல தாயி. பைய போங்கன்னு சத்தம் கேட்டுது. கை தானா விட்டுட்டு."

திரும்பி மதினியைப் பார்த்தேன். "உன்னையச் சொல்லமாட்டேன்னுதான சத்தியம் பண்ணுனேன்?" என்றாள் அவள். "அந்த அண்ணாச்சி வாரதப் பாத்து எனக்குப் பதறிட்டு. அவுகள்ட்டதான் சொன்னேன். நமக்கு யாரோன்னாலும் அவுகளுக்கும் வீடு வாசல் இருக்கும்லா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஐந்து வாரப் பாடு, காதுக்குப் பஞ்சு, எல்லாம் போய் இவள் சத்தம் போட்டு நான் ஜெயித்தேன் என்று ஆகிவிட்டதே! "என்ன வேலை பாத்துவச்சிருக்கீக மதினி! ஒழுங்கா ஓட்டிட்டிருந்த மனுஷர..." என்று நான் ஆரம்பிக்கும்போதே அண்ணாச்சி கையைக் காட்டித் தடுத்தார்.

"ஏசாத தாயி. நாலு வாரமா இந்த வளைவுல உனக்குத்தான் சத்தம் கேக்கும். நான் அதுக்கு முன்னாலயே தாண்டிருவேன். என் வீட்டுக்காரி இருந்தவரைக்கும் வாசல்ல நின்னு சொல்லுவா. அவ போயி மூணு வருசமாச்சு. அதுக்கப்புறம் எவரும் என்கிட்ட பைய போன்னு சொன்னதில்ல." துணிப்பையைச் சரிசெய்துகொண்டு கொஞ்சம் சிரித்தார். "இன்னைக்குத்தான் கேட்டேன். ஒரு எடம் போனா போவுது."

நான் நகர்ந்து ஜமுக்காளத்தில் அவருக்கு இடம் விட்டேன். மதினி எலுமிச்சம்பழச் சாதத்தில் பாதியை இலையில் வைத்து அண்ணாச்சியிடம் நீட்டினாள். அவர் மரத்தடியில் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார்.

அவர் கிளம்பும்போது கோச் முன்னால் ஓடி, புதிதாகக் கற்ற சொல்லைத் தன் ஊர் ராகத்தில் இழுத்து, "பையைப் பாத்துப் போங்கண்ணா!" என்றார். அண்ணாச்சி பதறித் தோளைத் தடவினார். "இருக்கு தம்பி, பை இங்கனதான் இருக்கு."

நான் கோச்சைத் தள்ளிவிட்டு முன்னால் போனேன்.

"பைய போங்க அண்ணாச்சி!" என்று கத்தினேன். மதினியும் வீட்டுக்காரரும் கூடவே கத்தினார்கள்.

அவர் கையைத் தூக்கிக் காட்டினார். தரவையைத் தாண்டி ரோட்டில் ஏறும் வரை நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் பையத்தான் போனார்.