கழற்றி வைத்த ஸ்பிரிங்

எங்கள் மலையில் ஓடும் ஜீப்புகளில் கம்பெனி பார்ட் பாதிகூட இருக்காது. பிரேக் ஒரு வண்டியுடையது, கியர்பாக்ஸ் இன்னொன்றுடையது, ஹார்ன் சேலத்துப் பழைய இரும்புக் கடையில் பொறுக்கியது. இருந்தும் இருபது கொண்டை ஊசி வளைவையும் முனகிக்கொண்டே ஏறி வந்துவிடும். கரடியூர்ப் பக்கம் இருக்கும் என் காப்பித் தோட்டத்தில் பழத்தோல் உரிக்கும் மெஷினையும் நான் இப்படித்தான் ஓட்டுகிறேன். ஒன்று உடைந்தால் புதிது வாங்கமாட்டேன், நானே செய்வேன். அதில் எனக்குத் தலைகால் தெரியாத திமிர். அந்தத் திமிர் இரண்டு பெண்களை என்ன செய்தது என்பதைத்தான் எழுதப்போகிறேன். அவர்களில் ஒருத்தி என் மனைவி.

பக்கத்து எஸ்டேட் பங்களாவில் வயதான தம்பதியைக் கட்டிப்போட்டுவிட்டு கொள்ளைக்காரர்கள் இருந்ததை எல்லாம் அள்ளிப் போனார்கள். பட்டப்பகலில். பனி மூடியிருந்ததால் முப்பதடி தூரத்தில் வேலை செய்தவர்களுக்குக்கூட ஒன்றும் தெரியவில்லை. அதற்குப் பிறகு எங்கள் நாய் சும்மா காதைத் தூக்கினாலே மனைவி கதவைச் சாத்துவாள். நான் வாரத்துக்கு இரண்டு நாள் சேலத்துக்கு இறங்குகிறவன். அந்த இரண்டு நாளும் அவள் தனியாக இருப்பாள். லைசென்ஸ் வாங்கி, ஒரு பிஸ்டலும் வாங்கினேன். ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டுச் சுடுவதல்ல. ஒன்று வெடித்ததும் அடுத்ததைத் தானே உள்ளே ஏற்றிக்கொள்ளும் ரகம்.

முதல் வருடம் அது அடிக்கடி சிக்கியது. இரண்டு குண்டு போகும், மூன்றாவது பாதி வழியில் நின்றுகொள்ளும். சேலத்தில் துப்பாக்கி ரிப்பேர் செய்ய லைசென்ஸ் வைத்திருந்த ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் பிஸ்டலை விட்டுவிட்டு என் தோட்டாக்களைத்தான் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பித்தளை முழுக்கப் பச்சை பூத்திருந்தது.

"ஏனுங்க, இதை எங்கீங்க வெச்சிருந்தீங்க?"

"அலமாரியிலதான்."

"மலைப் பனியில அலமாரியும் ஒண்ணுதான், வெளியும் ஒண்ணுதானுங்க. தோட்டாவை மாத்துங்க, எண்ணெய் போடுங்க. உள்ள இருக்கற சாமானைத் தொடாதீங்க."

அவர் சொன்னபடி செய்தேன். அதன்பின் ஒருதரம்கூடச் சிக்கவில்லை. இதோடு நின்றிருக்கலாம்.

சட்டப்படி அந்த பிஸ்டலை நான் மனைவி கையில் கொடுக்கவே கூடாது. ஆனால் தனியாக இருப்பது அவள்தானே? வீட்டுக்குப் பின்னால், காப்பிச் செடிகள் சரிந்து இறங்கும் இடத்தைப் பார்த்து நிற்கவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். அவளுக்கு விரல் வலு போதவில்லை. விசையை இழுத்தால் குழல் ஆடும். "நொம்பக் கெட்டியா இருக்குதுங்க" என்று விரலைத் தேய்த்துக்கொண்டாள். மறுபடி சேலத்துக்குப் போய், உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை இளக்கித் தரச் சொன்னேன்.

அந்த மனிதர் வேலையை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "கெட்டியா வெச்சதே ஒரு காரணத்துக்குத்தானுங்க சார். தோட்டாவை அடிக்கற சுத்தியலைப் புடிச்சு நிறுத்துற ஸ்பிரிங் அது. நான் மாத்தித் தர மாட்டனுங்க. நீங்களும் மாத்தாதீங்க."

எனக்குச் சுருக்கென்றது. காலம் முழுக்க மெஷினைப் பிரித்துப் பூட்டுகிறவனிடம் ஸ்பிரிங்கைப் பற்றிப் பாடமா? வீட்டுக்கு வந்தேன். மருந்தடிக்கும் ஸ்பிரேயர் ஒன்று உடைந்து கிடந்தது. அதிலிருந்த மெல்லிய ஸ்பிரிங்கை அளவுக்கு வெட்டி உள்ளே வைத்தேன். கம்பெனி ஸ்பிரிங்கைத் தைல டப்பாவில் போட்டு மேஜை டிராயரில் வைத்தேன். விசை பூப்போல இழுபட்டது. மனைவி சிரித்தாள். நான் ஸ்பிரிங்கை மாற்றியதை அவளிடம் சொல்லவில்லை. எண்ணெய் போட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த வாரம், தோட்டா இல்லாத பிஸ்டலை மேஜைமேல் கொஞ்சம் வேகமாக வைத்தபோது உள்ளே சுத்தியல் தானாக விழுந்த 'டிக்' கேட்டது. என் விரல் விசைக்குப் பக்கத்தில்கூட இல்லை. மறுபடி பத்துத் தடவை வைத்துப் பார்த்தேன், கேட்கவில்லை. ஒரு தடவைதானே என்று விட்டுவிட்டேன்.

ஆறு வருடத்துக்கு முன், பழம் பறிக்கும் சீசன் முடிந்திருந்த ஒரு மத்தியானம் அது நடந்தது. மனைவி சுட்டுப் பழகுவதற்காக வீட்டுக்குப் பின்பக்கம் நின்று, நான் சொல்லிக்கொடுத்தபடியே தோட்டாவை ஏற்றி, குழலைச் சரிவைப் பார்த்து நீட்டினாள். பனி செடிகளின் மேலேயே உட்கார்ந்திருந்தது. அந்தப் பக்கம் யாரும் இல்லை என்று நினைத்திருந்தோம். கிளியூரிலிருந்து எங்களிடம் வேலைக்கு வருகிறவள், உதிர்ந்த பழம் பொறுக்க அங்கே இறங்கியிருக்கிறாள். சாக்கோடு செடிகளுக்கு நடுவிலிருந்து தலை நிமிர்த்தி, "அம்மா" என்றாள்.

மனைவி பதறிப்போய் பிஸ்டலைக் கீழே இறக்கினாள். இறக்கும்போதே அது வெடித்தது.

நான் அவளுக்கு இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். அவள் விரலைப் பார்த்தேன். விசைக்கு வெளியே, குழலோடு ஒட்டி, நேராக நீட்டியிருந்தது. நான் எப்படிச் சொல்லிக்கொடுத்தேனோ அப்படியே.

குண்டு அந்தப் பெண்ணின் முழங்காலை உடைத்திருந்தது. நானும் டிரைவருமாகத் தூக்கி ஜீப்பில் கிடத்தினோம். மனைவி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு சேலத்துக்குப் போனாள். போலீஸுக்குச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று நான் நின்றுகொண்டேன். ஜீப் சத்தம் மறைந்ததும் முதலில் போனை எடுக்கவில்லை. டிராயரைத் திறந்து தைல டப்பாவை எடுத்தேன். அவசரத்தில் ஸ்பிரிங் இரண்டு தடவை தரையில் விழுந்தது. முட்டி போட்டுத் தேடினேன். கம்பெனி ஸ்பிரிங்கை அதன் இடத்தில் வைத்துப் பூட்டினேன். ஸ்பிரேயர் ஸ்பிரிங்கைக் கக்கூஸில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். அப்புறம்தான் போன்.

பிஸ்டல் என் கையில்தான் இருந்தது என்று போலீஸில் சொன்னேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த அந்தப் பெண்ணும் அப்படியே சொன்னாள். என்னிடம், "அம்மா கையில இருந்துச்சுன்னு நான் எதுக்குங்கய்யா சொல்லப்போறேன்" என்றாள். லைசென்ஸ் போனது, பிஸ்டல் போனது, கோர்ட்டில் அபராதம் கட்டினேன். சொந்தக்காரர்கள் மத்தியில் எனக்குப் பெரிய பெயர். மனைவியின் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்ட மனுசன்.

கோர்ட் காகிதங்களோடு, பிஸ்டலைச் சோதித்த நிபுணரின் அறிக்கை வந்தது. பாகங்கள் எல்லாம் கம்பெனியில் செய்தவை, நல்ல நிலையில் உள்ளன, விசையை இழுக்காமல் வெடிக்க வழியில்லை. மனைவி அதை மூன்று தடவை படித்தாள். "நான் இழுத்த ஞாபகமே இல்லீங்க. ஆனா இழுத்துத்தான் இருக்கோணும்" என்றாள். நான் காகிதத்தை வாங்கி மடித்து வைத்தேன்.

அன்றிலிருந்து அவளுடைய வலது ஆள்காட்டி விரல் வேலை செய்வதில்லை. டாக்டர்கள் பார்த்தார்கள், நரம்பில் ஒன்றும் இல்லை என்றார்கள். அதை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு மற்ற விரல்களால் சமைப்பாள், எழுதுவாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கிளியூருக்குப் போய் அந்தப் பெண்ணின் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு வருவாள். நான் அதைப் பார்த்துக்கொண்டு ஆறு வருடம் சோறு தின்றேன். பயத்தால்தான் சொல்லவில்லை, வேறு எந்தச் சாக்கும் என்னிடம் இல்லை.

போன மாதம் ஒருநாள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணால் இப்போது தடி ஊன்றியும் நடக்க முடியவில்லை என்று சொன்னவள், கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நீங்க மட்டும் இல்லீன்னா நான் ஜெயில்ல இருந்திருப்பனுங்க. எனக்காகப் பொய் சொன்னீங்களே, அதுக்கு நான் என்ன செஞ்சாலும் ஆகாதுங்க."

அவள் கண்ணில் நன்றி இருந்தது. அதற்குமேல் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்பிரேயர், தைல டப்பா, தரையில் முட்டி போட்டுத் தேடியது, ஒன்றையும் விடவில்லை.

அவள் மடங்கியிருந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் இழுக்கலைதானுங்களே?"

"இல்லை. நான் பார்த்தேன்."

"அன்னிக்கே பாத்தீங்களா?"

"ஆமாம்."

எழுந்து கைகழுவினாள். புடவையை மாற்றிக்கொண்டு செருப்பைப் போட்டாள். அன்று ஞாயிற்றுக்கிழமை இல்லை. கிளியூருக்குத்தான் என்று தெரிந்தது. நானும் வருகிறேன் என்று சட்டையை எடுத்தேன்.

"நீங்க வராதீங்க" என்றாள். "அவகிட்ட நானே சொல்லிக்கறேன். போலீஸுக்குப் போறதா வேண்டாமான்னு அவ சொல்லட்டும். அவ கால் அது."