மவுஸைத் துறந்தவன் வீட்டில் ஓர் இன்டர்வியூ

போன செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்கு, கும்மிடிப்பூண்டிப் பக்கத்து ஆரணி பஜாரில் ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில் நான் தடுத்து நிறுத்தப்பட்டேன். தடுத்தது என் மனைவி ஸ்டெல்லா.

"நீ உள்ள வராத. மெஷினுக்கு ஆவாது."

நியாயம்தான்.

ஸ்டெல்லா கும்மிடிப்பூண்டியில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். ஆறு வருடமாகக் கான்ட்ராக்ட். அன்றைக்குப் பர்மனென்ட் வேலைக்கான ஆன்லைன் இன்டர்வியூ. ஸ்கிரீனைக் காட்டிக்கொண்டே ஒரு ஷீட்டை நிரப்ப வேண்டுமாம். போனில் முடியாது. வீட்டில் இருப்பதோ ஒரே கம்ப்யூட்டர். அதுவும் என்னுடையது.

அங்கேதான் சனி.

ஏனென்றால் அது உங்களிடம் இருப்பது மாதிரி சாமானியக் கம்ப்யூட்டர் அல்ல. அதில் ஓடுவது டைலிங் விண்டோ மேனேஜர்! அதாவது, ஜன்னல்கள் ஒன்றன்மேல் ஒன்று படுக்காது. நம் ஊர் ஷேர் ஆட்டோ மாதிரி... புதிதாக ஒருவர் ஏறினால் இருப்பவர்கள் எல்லாம் ஒடுங்கி இடம் விடுவார்கள். ஐகான் கிடையாது. மூட, நகர்த்த, பெரிதாக்க — எல்லாமே கீபோர்டு சாவிகள்தான். எந்தச் சாவிக்கு என்ன வேலை என்று நாமே ஒரு ஃபைலில் எழுதிக்கொள்ள வேண்டும்.

இதனால் என்ன லாபம்? மவுஸைத் தொடும் நேரம் மிச்சம். ஒரு தடவைக்கு இரண்டு வினாடி. அந்த இரண்டு வினாடியைச் சேமிக்க மூன்று மாதம் அந்த ஃபைலையே நோண்டிக்கொண்டிருந்தேன். ஜன்னல்களுக்கு நடுவே எத்தனை புள்ளி இடைவெளி என்று முடிவெடுக்க மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

இந்தப் பித்துப் பிடித்த எங்கள் கூட்டத்துக்கென்று ஒரு குரூப் உண்டு. அதில் அவரவர் ஸ்கிரீனைப் படம் பிடித்துப் போடுவோம். எல்லாருக்கும் நான்கு ஜன்னல். ஒன்றில் கடிகாரம். ஒன்றில் கம்ப்யூட்டரின் சூடு. ஒன்றில் பச்சை எழுத்துகள் சும்மா ஓடும். நான்காவதில் சாவிகளை எழுதி வைத்த அந்தக் கன்ஃபிக் ஃபைல். வேலை செய்கிற ஜன்னல் எங்கே என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் நீக்கிவிடுவோம்.

ஆணவம் முற்றி, என் மவுஸைப் பிடுங்கி, ஜெராக்ஸ் கடை கபீர் பாயிடம் தானமாகக் கொடுத்தேன். கூடவே ஒரு சொற்பொழிவும். மனுஷர் மவுஸை மட்டும் வாங்கிக்கொண்டார்.

செவ்வாய் காலை ஏழு மணி. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாற ஒரு தனிச் சாவி வைத்திருந்தேன். கை அவ்வளவு தூரம் போகிறதே என்று அதை ஆங்கில 'கே' எழுத்தோடு சேர்த்து மாற்றி எழுதினேன். அழுத்தினேன். தமிழ் வந்தது. 'வணக்கம்' என்று அடித்துப் பார்த்தேன். பிரமாதம்! குளிக்கப் போய்விட்டேன்.

திரும்பி வர வழி இருக்கிறதா என்று மட்டும் பார்க்கவில்லை.

எப்படி இருக்கும்? தமிழுக்குப் போனபின் 'கே' ஏது? அந்த இடத்தில் 'ம' அல்லவா உட்கார்ந்திருக்கிறது! நான் எழுத்துகளில் கட்டி வைத்த அத்தனை சாவியும் அதே கதி. வீட்டுக்குள் நின்று பூட்டிவிட்டு, சாவியை ஜன்னல் வழியே வீசியவன் நான்.

பதினொரு மணி. ஏழு மணிக்கே நான் திறந்து வைத்திருந்த லிங்கில் ஸ்டெல்லா உட்கார்ந்தாள். திரையில் இரண்டு அதிகாரிகள், முருங்கைக்காய் அகலத்தில். ஷீட்டும் அதே அகலம். பக்கத்தில் கம்ப்யூட்டரின் சூடு.

"பேரை டைப் பண்ணுங்க மேடம்."

பண்ணினாள்.

"மேடம்... நேம் காலம்ல 'இஏஊததஅ'ன்னு வருதே?"

ஸ்டெல்லா மைக்கை அணைத்தாள். மெதுவாகத் திரும்பினாள். "யோவ். இன்னாய்யா இது?"

"ஒண்ணுமில்ல ஸ்டெல்லா, இரு..." நான் எல்லாச் சாவியையும் அமுக்கினேன். நேம் காலத்தில் 'கககக' என்று சேர்ந்துகொண்டது.

"மவுஸு எங்க?"

"கபீர் பாய் கடையில."

"ஆறு வருசமா இதுக்குத்தான்யா காத்துக்கினு கீறேன்!"

அதிகாரிகள் நல்லவர்கள். வேறு சிஸ்டத்தில் வாருங்கள், கால் மணி நேரம் தருகிறோம் என்றார்கள்.

"ரீஸ்டார்ட் பண்றேன், ரெண்டே நிமிஷம்" என்றேன்.

"உன் ரெண்டு நிமிசத்த மூணு மாசமா பாத்துக்கினுதான் கீறேன்" என்றபடி செருப்பை மாட்டினாள். நான் ரீஸ்டார்ட் செய்தேன். இரண்டே நிமிடம். ஆங்கிலம் வந்துவிட்டது! பார்க்கத்தான் வீட்டில் ஆள் இல்லை.

பின்னாலேயே ஓடினேன். அதற்குள், "வா தங்கச்சி, குந்து" என்று கபீர் பாய் நாற்காலியைத் தட்டிப் போட்டிருந்தார். தூசி படிந்த பழைய கம்ப்யூட்டர். பக்கத்தில் — என் மவுஸ். ஸ்டெல்லாவின் கையில் அது சமர்த்தாக நகர்ந்தது.

வாசலில் நின்ற என் பக்கம் வந்து கபீர் பாய் கிசுகிசுத்தார். "இன்னா சாரே, அன்னிக்கி இத்த குட்த்துனு அம்மாம் பெரிய லெக்சரு வுட்ட... இப்ப வெயில்ல நின்னுக்கினு கீற?"

உள்ளே காதை வைத்திருந்தேன். ஷீட் முடிந்து, கேள்விகள் ஆரம்பித்திருந்தன.

"திடீர்னு லைன் நின்னுட்டா என்ன பண்ணுவீங்க?"

ஸ்டெல்லா ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. "இப்ப இன்னா பண்ணனோ அதான் சார். நோண்டிக்கினு நிக்க மாட்டேன். ஸ்டாண்ட்பை மெஷினுக்கு மாத்திடுவேன்."

"மெஷினை ரிப்பேராக்கின ஆபரேட்டரை?"

"வெளிய நிக்க வச்சிருக்கேன் சார்."

அந்தப் பக்கம் இரண்டு பேரும் சிரித்தது வாசல் வரை கேட்டது. கபீர் பாய் சிரித்தது ஸ்டேட் பேங்க் தாண்டியும் கேட்டிருக்கும்.

வெள்ளிக்கிழமை ஆர்டர் வந்தது. ஸ்டெல்லா பர்மனென்ட்.

நான் மட்டும் வீட்டில் இன்னும் கான்ட்ராக்ட்தான்... மவுஸோடு நடந்துகொள்ளும் விதத்தைப் பார்த்துப் புதுப்பிப்பார்களாம்.